முப்பது நாள் என்று எழுதினேன்

இந்த வெள்ளிக்கிழமையோடு என் மேசை உங்களுடையது. அலமாரிச் சாவி, அச்சகத்தின் தொலைபேசி எண், ஐயாவின் நிழற்படம் எல்லாம் கொடுத்துவிட்டேன். மிச்சமிருப்பது பச்சைக் கோப்பில் நான்காக மடித்து வைத்திருக்கும் ஒரு தாள் மட்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போவதா, கிழித்துப் போடுவதா என்று மூன்று நாளாக யோசித்தேன். இரண்டுக்கும் மனம் வரவில்லை. உங்களிடமே விட்டுச் செல்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லாமல் போனால், பழைய காகிதம் என்று நீங்கள் எறிந்துவிடலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அனுபவம் சொல்லும் வயதா இவளுக்கு என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம். பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடுகிறார்கள். அவள் அப்பாவுக்கோ ஒரகடத்தில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். குன்றத்தூரிலிருந்து இங்கே வந்து போவது இனி முடியாது என்று விடுகிறேன். அது சரியான முடிவுதானா என்று இதை எழுதும்போதுகூட ஒரு சந்தேகம் இருக்கிறது. எனக்கு எதிலும் சந்தேகம்தான். ஒரே ஒரு முறை சந்தேகப்படாமல் எழுதினேன். அந்தக் கதைதான் இது.

சட்டமன்றக் கூட்டத்தொடர் ஒவ்வொன்றும் முடிந்ததும், என்னென்ன சட்டம் வந்தது, அதில் நம் தொகுதிக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று நான்கு பக்கத்தில் ஐயா பெயரில் ஒரு கடிதம் போடுகிறோம். ஐயா என்றால் நம் எம்.எல்.ஏ. நான் எழுதிய முதல் கடிதம் அரசிதழைப் போலவே இருந்தது. ஒரு வாரம் கழித்து ஐயா ஒரு வடையை மேசைமேல் வைத்தார். எண்ணெய் ஊறிய காகிதத்தில் அவருடைய முகமே பாதி கரைந்திருந்தது.

"பாத்தியாம்மா, நம்ம லெட்டர் எங்க போய்ச் சேருதுன்னு? வடை கட்டுற காயிதமா எழுதாத. வூட்டுல காலண்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சிக்கிறா மாதிரி எழுது."

அன்றிலிருந்து அப்படித்தான் எழுதினேன். எத்தனை நாள், எந்த அலுவலகம், எந்த ஜன்னல் என்று தெளிவாகப் போட்டேன். ஒரு வருடத்தில் மக்கள் உண்மையாகவே காலண்டருக்குப் பின்னால் செருக ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையின் எடை அப்போது தெரியவில்லை.

தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது பற்றிய சட்ட முன்வடிவு ஒன்று பேரவைக்கு வந்தபோது எனக்கு எட்டாவது மாதம். முன்வடிவு அறிமுகமாகும் நாளில் உறுப்பினர்களுக்கு ஒரு நகல் கொடுப்பார்கள். ஐயா அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். நிறைவேறிய சட்டம் அச்சாகி நம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யார் காத்திருப்பது? வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகைக்குச் சுற்று வட்டாரமே கூடும். கடிதத்தை அன்றைக்கு அங்கே கையில் கொடுப்பது நம் அலுவலக வழக்கம், உங்களுக்கும் தெரியும். அதனால் அறிமுக நகலைப் பார்த்துத்தான் எப்போதும் எழுதுவோம். நிறைவேறிவிட்டது என்று ஐயா தொலைபேசியில் சொன்னதும் அச்சுக்குப் போகும்.

"பாஸ் ஆயிடுச்சும்மா. போட்டுடு."

"சரிங்கய்யா."

அவ்வளவுதான் பேசினோம். அப்படியே நிறைவேறியதா, ஏதாவது திருத்தம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அறிமுக நகலில், நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம் என்று இருந்தது. அதைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டேன். மறுவாரம் விடுப்பில் போனேன்.

குழந்தைக்கு ஐந்து மாதமானபோது வேலைக்குத் திரும்பினேன். மேசைமேல் குவிந்திருந்த உறைகளில் ஒன்றில் அந்தச் சட்டத்தின் அச்சு நகல் இருந்தது. பெயரைப் பார்த்தேன். இதுதான் ஏற்கெனவே எழுதியாயிற்றே என்று அலமாரியில் வைத்துவிட்டேன். உட்கார்ந்து படித்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பிலோமினா அக்கா வந்தார். பென்னலூர் பக்கம் ஒரு சின்ன குடியிருப்பு, பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். அங்கே தையல் வேலை செய்துகொண்டு, வீட்டுக்குப் பின்னால் கட்டிய அறையைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். அன்றைக்கு எனக்கு மனம் வேலையில் இல்லை. குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி வந்திருந்தேன்.

"மேடம், ரேஷன் கார்டுல என் மாமியார் பேர அடிச்சிட்டாங்க மேடம். செத்துட்டாங்கன்னு போட்டுக்கீறாங்க. அது நல்லாத்தான் கீது. நேத்துகூட என்னைத் திட்டிச்சு."

சிரித்துக்கொண்டே பரிந்துரைக் கடிதம் எழுதினேன். எழுந்து போகும்போது அவர் சொன்னார்.

"நெலம் எடுக்கிறாங்கன்னு எங்களுக்குலாம் நோட்டீஸ் வந்துக்கீது. அதுக்கு ஒரு நாள் வரேன். இன்னா அவசரம், இன்னும் பதினாறு நாள் கீது."

"பதினாறு நாள்னு யாருக்கா சொன்னது?"

"நீங்கதான மேடம்! ஐயா லெட்டர்ல முப்பது நாள்னு கட்டம் கட்டிப் போட்டுக்கீது. நோட்டீஸ் வந்து பதினாலு நாள் ஆச்சு. காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிக்கீறேன்."

நோட்டீஸையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் நாள் கணக்கே இல்லை. இன்ன பிரிவில் கண்ட காலவரையறைக்குள் என்று மட்டும் இருந்தது. அந்தப் பிரிவு என்னவென்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்தது நான் எழுதிய கடிதம் ஒன்றுதான்.

சரியாகத்தான் எழுதியிருப்போம், இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அச்சு நகலில் அந்தப் பிரிவைத் தேடினேன். பதினைந்து நாள் என்று இருந்தது.

மறுபடி படித்தேன். விரலை வைத்துப் படித்தேன். பதினைந்துதான். நாளையோடு முடிகிறது.

"இன்னா மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பிலோமினா அக்கா கேட்டது நினைவிருக்கிறது.

உடனே நில எடுப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவர், "சட்டத்துல இன்னா போட்டுக்கீதோ அதாம்மா" என்று வைத்துவிட்டார். ஐயா பேரவையில் இருந்தார். கைப்பேசி அணைந்திருந்தது. நம் பி.ஏ. சாரிடம் நகலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஐயா சாயங்காலம் போன் பண்ணுவார். கேட்டுக்கினு செய்யலாம்."

"சாயங்காலம் ஆனா நாளைக்கு ஒரே நாள்தான் சார் இருக்கும். இருபத்து மூணு குடும்பம்னு அக்கா சொல்றாங்க."

"அந்த லெட்டர்ல உன் பேரா கீது? ஐயா பேரு, ஐயா போட்டோ. நீ பாட்டுக்குப் போய் தப்புன்னு சொன்னா தப்பு யாருதாவும்? யோசிம்மா."

யோசித்தேன். இதில்தான் உங்களுக்கு ஏதாவது உதவும் என்று நினைக்கிறேன். என் பயம் பி.ஏ. சாரின் பயம் அல்ல. நான் மறுபடியும் தவறாகப் படிக்கிறேனோ என்ற பயம். முதல் முறை உறுதியாக எழுதியவள்தானே இவள், இரண்டாம் முறை இவளை எப்படி நம்புவது? அப்போது ஒன்று தோன்றியது. பதினைந்து என்று நான் சொல்வது தவறாக இருந்தால் அவர்கள் சீக்கிரம் மனு கொடுப்பார்கள். அதில் யாருக்கும் ஒன்றும் போகாது. அது சரியாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் நிலத்துக்காகப் பேசவே முடியாது. எது உண்மை என்று தெரியாதபோது, எந்தத் தவறு யாரைக் கொல்லும் என்று மட்டுமாவது பார்க்கலாம். திருத்தத்தை ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதிக்கொண்டு பிலோமினா அக்காவுடன் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மணி ஒன்று.

மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் சிமெண்ட் தரை இருக்கிறது. அங்கேதான் பெண்கள் கூடினார்கள். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்த ஆண்களும் சேர்ந்தார்கள். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எல்லாரையும் முந்திக்கொண்டு பேசியவர் தாவீது அண்ணன். ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. கேட் பாஸ் இல்லாமல் மேனேஜரின் மாமனாரையே திருப்பி அனுப்பியவர் என்று அவரைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அவருக்கு வார விடுப்பு. வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தார்.

"இதுல யாரு போட்டோம்மா கீது?"

"ஐயாது."

"கையெழுத்து?"

"ஐயாது."

"உன் கையில இருக்கிறதுல?"

"நான் எழுதினதுண்ணா."

"பாத்துக்குங்க. அச்சுல முப்பதுன்னு கீது. இந்தப் பொண்ணு கையால எழுதினு வந்து பதினஞ்சுன்னுது. ஏம்மா, எவன்னா உன்னைத் தூண்டி வுட்டானா?"

இந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, கடிதத்தை எழுதுவது நாம் என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது. உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அதை மீறினேன்.

"அண்ணா, அந்த லெட்டரை எழுதினதே நான்தான். ஐயா இல்ல. எல்லா லெட்டரும் நான்தான் எழுதுவேன். இதைத் தப்பா எழுதிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப ஐயா இன்னாதான் பண்றாராம்?" என்றது. சிரிப்பு எழுந்தது. பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு ஐயா வாழ்த்து அனுப்பினாரே. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கீறேன். அதுவுமா?"

தலையாட்டினேன்.

"அடிப்பாவி. அத்தப் படிச்சிட்டு நான் அழுதேன்டி."

'மேடம்' போய் 'டி' வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. அக்கா என் தோளைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார்.

"பரவால்ல, நல்லாத்தான் எழுதியிருந்த. இப்ப இத்தையும் நல்லா எழுது."

அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அக்காவின் பின்னறையில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா போய் எழுப்பினார். முகம் கழுவாமலே வந்தார்கள். "எக்கா, நீங்க சொல்லுங்க, நாங்க எழுதுதோம்" என்று ஆளுக்கொரு பேனா எடுத்துக்கொண்டார்கள். வீடு எங்கே, கிணறு எங்கே, எத்தனை சென்ட், எத்தனை வருடமாக என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினோம்.

நாலு மணிக்கு இருபத்திரண்டு மனுவில் கையெழுத்து விழுந்திருந்தது. தாவீது அண்ணனின் மனுவையும் நானே எழுதி முடித்திருந்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

"ஐயா வந்து சொல்லட்டும். இல்ல, அச்சுல வரட்டும். வாயால சொல்றதுக்கெல்லாம் நான் கேட் தொறக்கிறதில்ல."

"அண்ணா, முன்னாடியே கொடுத்தா ஒண்ணும் நஷ்டமில்லண்ணா."

"நஷ்டத்தப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. எழுதினவ தப்பா எழுதிட்டேன்ற. இப்ப சரியா சொல்றன்னு நான் எப்படி நம்புறது?"

என் சந்தேகத்தையே அவர் திருப்பிச் சொன்னார். மணியைப் பார்த்தேன். நாலு இருபது. ஐந்துக்குள் வருவதாகச் சொன்னேனே, காய்ச்சல் ஏறியிருந்தால் என்ற நினைப்பு ஓடியது. பிலோமினா அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"நீ கெளம்பு. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்ற. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கிளம்பினேன். வீட்டுக்குப் போனபோது குழந்தை ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் மதியமே விட்டுவிட்டதாம். அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். நிம்மதியால் என்று பக்கத்து வீட்டு அக்கா நினைத்துக்கொண்டார். இன்னும் அரைமணி நேரம் நின்றிருந்தால் என்று அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் காலை, பேரவைக்குக் கிளம்புமுன் ஐயா பேசினார். பி.ஏ. சார் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குரல் தணிந்திருந்தது.

"அந்தத் திருத்தம் வந்தப்ப நான் லாபியில யார்கிட்டயோ பேசினிருந்தேம்மா. எனக்கே தெரியாது."

"ஐயா, ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போடல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட்டுடுவார். இன்னிக்கு டூட்டியில இருப்பார். கம்பெனி கேட்ல போன் இருக்கும்."

ஐயா நான் சொன்னதையே திருப்பிக் கேட்டார்.

"நான் கம்பெனி கேட்டுக்குப் போன் பண்ணி, தப்பா எழுதிட்டேன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லணும்?"

"ஆமாங்கய்யா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அவர் தயங்கியதை மறுப்பாக எடுத்துக்கொண்டது நான். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வருடக்கணக்கானது. கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டு நாம் பின்வாங்கிவிடக்கூடாது. பெரியவர்களுக்கு ஆமாம் என்று சொல்ல ஒரு நிமிடம் தேவைப்படும். அந்த ஒரு நிமிடம் நாம் நிற்க வேண்டும்.

நானே அந்தக் கம்பெனி வாசலுக்குப் போயிருக்கலாம். என்னை நம்பாதவரிடம் நான் போய் என்ன ஆகும் என்று போகவில்லை. இருபத்திரண்டு மனுவையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை வாங்கிக்கொண்டு, பிலோமினா அக்காவும் நானும் படியில் உட்கார்ந்தோம்.

"பேசினேன். அசையல. மாதா வந்து சொன்னாலும் ஐ.டி. கார்டு கேப்பாரு அந்தாளு" என்றார் அக்கா. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் இப்போது உறுத்துகிறது.

விசாரணை நடந்தது. மனு கொடுத்த எல்லாருக்கும் நிலம் தப்பவில்லை. பாதிப் பேருக்குப் போயிற்று. பிலோமினா அக்கா தன் வீட்டையும் வாடகை அறையையும் காட்டிப் பேசினார். எடுக்கும் நிலத்தின் எல்லைக்கோட்டை அவர் மனைக்கு வெளியே நகர்த்தினார்கள். அவர் மனையை ஒட்டினாற்போல் அடுத்தது தாவீது அண்ணனின் பன்னிரண்டு சென்ட். அங்கே பேச யாரும் இல்லை. கோடு அதன் வழியாகப் போயிற்று. அவர் மனு கொடுத்திருந்தால் தப்பியிருக்குமா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அதை என்னால் விட முடியவில்லை.

விசாரணைக்கு முன்பே ஒரு நாள், நோட்டீஸ் வந்த முப்பதாவது நாளில், அவர் இங்கே வந்தார். தேய்த்த சட்டை, பையில் பேனா. நில எடுப்பு அலுவலகத்துக்கு முதலில் போயிருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதி வைத்துவிட்டு வந்த அதே மனு. கையெழுத்து இப்போதுதான் போட்டிருந்தார். அன்றைக்கு ஐயாவும் அலுவலகத்தில் இருந்தார். அவரை உட்காரச் சொன்னார். தாவீது அண்ணன் உட்காராமல் சட்டைப் பையிலிருந்து நம் கடிதத்தை எடுத்து, மடிப்பை விரித்து, ஐயாவின் முன்னால் வைத்தார். கட்டம் கட்டிய முப்பதின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இத்த அவங்ககிட்ட காட்டினேன். இது செல்லாதுன்னாங்க ஐயா."

ஐயா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தாவீது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். கலெக்டரிடம் பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார். பலன் இல்லை.

வெளியே வந்த தாவீது அண்ணன் என் மேசையின் முன் நின்றார்.

"உன் மேல தப்பில்லம்மா. நீதான் வந்து சொன்னியே. நான்தான் நம்பல."

அவர் ஆறுதலாகச் சொன்னார். எழுதியவளும் நான், வந்து சொன்னவளும் நான். இருவரில் ஒருத்தியை அவர் நம்பினார். நம்பும்படி எழுதக் கற்றுக்கொண்டிருந்தவளை நம்பினார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், இது எந்த நகலைப் பார்த்து எழுதியது, நிறைவேறியபின் சரிபார்த்ததா இல்லையா என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். அதற்காக இரண்டு கிருத்திகைகளைத் தவறவிட்டோம். பி.ஏ. சார் முணுமுணுத்தார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடமும் அவசரப்படுத்துவார்கள். அப்போது பச்சைக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோடு போட்ட தாள் அதில்தான் இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்தவர் தாவீது அண்ணன்தான். அன்றைக்குப் படியிறங்கப் போனவர் திரும்பி வந்து அதை என் மேசைமேல் வைத்தார்.

"இது எனக்கெதுக்கு, நீயே வெச்சிக்க" என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத அக்கறையோடு கேட்டார்: "அடுத்த லெட்டர் எப்பம்மா வரும்?"